ஊசி குத்திய புறா: நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகமும் ஜின், சூனிய அச்சமும்



மஃரிப் பாங்கு சொன்னதும் தெருவில் விளையாடும் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்வது நம் உம்மாமார்களின் பழக்கம். இருட்டும் நேரத்தில் ஷைத்தான்கள் பரவுகின்றன, பிள்ளைகளைத் தடுத்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அந்த எச்சரிக்கையோடு புளியமரம், பாழடைந்த கிணறு, ஆளில்லாத வீடு என்று ஊர்க்கதைகளும் சேர்ந்துகொண்டன. சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் போகும் சாலையில் இருக்கும் எங்கள் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கமும் இதற்கு விலக்கல்ல. கல்யாணமாகிப் போன பெண் பித்துப் பிடித்ததுபோல உட்கார்ந்தாலும், கடையில் வியாபாரம் படுத்தாலும், பையன் ராத்திரி அலறி எழுந்தாலும் முதலில் காதில் விழுவது ஒரே பேச்சுதான்: ஜின் கோளாறு, அல்லது யாரோ செய்துவைத்திருக்கிறார்கள்.

அடுத்த பேச்சு நாகூருக்கோ ஏர்வாடிக்கோ கூட்டிப் போவது பற்றி இருக்கும். அதற்கும் முன்னால் தாயத்துக் கட்டுகிற ஒருவரின் முகவரி வந்து சேர்ந்துவிடும்.

நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது நாயகம் (ரஹ்) அவர்களின் பெயர் தமிழ் முஸ்லிம் வீடுகளில் தெரியாதவர் இல்லை. சூனியத்தோடு தொடர்புள்ள, தமிழகத்திலேயே மிகவும் புகழ்பெற்ற சம்பவம் அவர்கள் வாழ்க்கையில்தான் வருகிறது. அந்தச் சம்பவத்தில் அவர்கள் என்ன செய்தார்கள், என்ன செய்யவில்லை என்பதைக் கவனித்தால் இன்றைக்கு நமக்கு அது பெரிய பாடம். ஆகவே அந்த வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மாணிக்பூரில் பிறந்தவர்

ஷாஹுல் ஹமீது நாயகம் தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்லர். இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கர் மாவட்டத்தில் கங்கைக்கரையில் இருக்கும் மாணிக்பூர்தான் அவர்களின் ஊர். தந்தை செய்யிது ஹசன் குத்தூஸ். தாய் பீபி ஃபாத்திமா. பாக்தாதில் அடங்கியிருக்கும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் வழித்தோன்றல் என்று அவர்களின் வம்சவழி சொல்லப்படுகிறது. அதனால்தான் அவர்களின் முழுப்பெயரில் அப்துல் காதிர் என்பதும் இருக்கிறது. நம் பக்கத்தில் மீரான் சாஹிப், எஜமான், ஆண்டகை என்றெல்லாம் அழைப்பார்கள்.

அது 16ஆம் நூற்றாண்டு. வடக்கே லோதிகளின் ஆட்சி முடிந்து, 1526இல் பாபர் டெல்லியைப் பிடித்த காலம். தெற்கே விஜயநகரம் உச்சத்தில் இருந்தது. தென்காசிச் சீமையைப் பாண்டியர் வழிவந்தவர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். கடற்கரையில் போர்ச்சுக்கீசியர் நுழைந்து, காயல், கீழக்கரை மரைக்காயர்களின் கப்பல் வணிகத்தை நெரித்துக்கொண்டிருந்தார்கள். 1538இல் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் நடந்த சண்டையில் முஸ்லிம்களின் கப்பற்படை தோற்றது. அப்படியொரு நெருக்கடியில் இருந்த சமுதாயத்திடம்தான் பின்னாளில் நாயகம் வந்து சேர்ந்தார்கள்.

ஊரில் குர்ஆனும் மார்க்கக் கல்வியும் கற்றபின், இளம் வயதிலேயே ஒரு குருவைத் தேடி குவாலியருக்குப் புறப்பட்டார்கள்.

குவாலியர் குருவும் ஐந்து மணிகள் என்ற நூலும்

அந்தக் குரு சாதாரண ஆள் அல்லர். ஷைகு முஹம்மது கௌது குவாலியரி (ரஹ்), ஷத்தாரிய்யா தரீக்காவின் பெரிய ஞானி. ஹுமாயூன் பாதுஷா இவரிடமும் இவருடைய அண்ணனிடமும் மிகுந்த மதிப்பு வைத்திருந்தார். சங்கீத மேதை தான்சேனின் கபுரு இன்றைக்கும் குவாலியரில் இவருடைய பெரிய மக்பராவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கங்கைக்கரைச் சுனார் மலைப்பகுதியில் 12 ஆண்டுகளுக்கு மேல் தனிமையில் கிடந்து இபாதத் செய்தவர் இவர். அந்தத் தவத்தின் விளைவாக எழுதிய பார்சி நூல்தான் ஜவாஹிரே கம்ஸா. ஐந்து மணிகள் என்று அதற்குப் பொருள். முதல் பகுதி வணக்க வழிபாடு பற்றியது. அடுத்தது துறவும் பேணுதலும். மூன்றாவது பகுதிதான் இந்திய முஸ்லிம்களிடையே பின்னால் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அல்லாஹ்வின் திருநாமங்களை எண்ணிக்கையோடு ஓதி அழைக்கும் தஃவத் முறையை அது விரிவாகச் சொல்கிறது. ஓதும் நேரம், எண்ணிக்கை, உணவுக் கட்டுப்பாடு, சாம்பிராணி, எழுத்துக்கும் எண்ணுக்கும் கோளுக்கும் உள்ள பொருத்தம் என்று அது போகும். தமிழ்நாட்டில் இஸ்மு வேலை, அஸ்மா பார்ப்பது, முவக்கிலை வைத்திருப்பது என்றெல்லாம் சொல்கிறார்களே, அந்தப் பேச்சுகள் ஊறி வந்த பெரிய ஊற்றுகளில் இந்த நூலும் ஒன்று.

எல்லா ஆலிம்களும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஷேர்ஷா ஆட்சிக்கு வந்ததும் முஹம்மது கௌது குஜராத்துக்குப் போனார். அங்கே ஹதீஸ் மேதை அலீ முத்தகீ இவருடைய ஆன்மீகக் கூற்றுகளுக்காகக் கடுமையான ஃபத்வா கொடுத்தார். அதே ஊரில் பெரிய அறிஞரான வஜீஹுத்தீன் அலவி இவர் பக்கம் நின்று காப்பாற்றினார். ஆக, இன்று நம் பள்ளிவாசல் திண்ணைகளில் நடக்கும் வாதம் 500 ஆண்டுப் பழைய வாதம். இரண்டு பக்கமும் பெரிய உலமாக்கள் இருந்திருக்கிறார்கள்.

முஹம்மது கௌதைப் பற்றி வட இந்திய உலமாக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. அவரிடம் ஜின்கள் ஏவலுக்கு இருந்தனவாம். ஒருநாள் கங்கோஹ் ஊரின் பெரிய ஷைகு அப்துல் குத்தூஸ் (ரஹ்) அவர்களைத் தூக்கி வரும்படி ஜின்களை அனுப்பினாராம். அவை போய் நின்றபோது ஷைகு விழித்துக்கொண்டார். ஜின்கள் வந்த காரியத்தைச் சொல்லவும், அவர் அவற்றைத் திருப்பி அனுப்பி, அனுப்பியவரையே கொண்டு வரச் செய்தாராம். வந்து நின்றவரிடம், இது ஆன்மீகமா என்று கடிந்துகொண்டதாகவும், கௌது அவர்கள் மனம் வருந்தியதாகவும் கதை முடிகிறது. நடந்ததோ இல்லையோ, சொன்னவர்கள் சொல்ல வந்தது தெளிவு. ஜின்னை வசப்படுத்துவது பெரிய ஆற்றலாகவே இருக்கட்டும். அல்லாஹ்வை நெருங்குவதற்கு அது படிக்கட்டு ஆகாது.

இப்படிப்பட்ட குருவிடம் ஷாஹுல் ஹமீது நாயகம் சுமார் 10 ஆண்டுகள் இருந்ததாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். தஃவத் முறையின் தலைவாசலிலேயே படித்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் ஜின்னை வைத்துப் பிழைத்தார்கள் என்றோ, கட்டணம் வாங்கித் தகடு எழுதினார்கள் என்றோ அவர்கள் புகழ் பாடும் நூல்களிலும் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட பயணம்

குருவிடம் விடைபெற்றபின் நாயகம் ஒரு கூட்டம் ஃபக்கீர்களோடு பயணம் புறப்பட்டார்கள். அந்தக் கூட்டம் 404 பேர் என்பது நாகூர் மரபு. ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான் வழியாகச் சுற்றி, ஹஜ்ஜும் முடித்தார்கள்.

இடையில் லாகூரில் நடந்த ஒரு நிகழ்ச்சி அவர்களின் குடும்ப வரலாற்றுக்கே அடிப்படை. அங்கே காஜி நூருத்தீன் என்பவருக்குப் பிள்ளை இல்லை. நாயகம் துஆச் செய்து, ஓதிக் கொடுத்த தாம்பூலத்தை அவர் மனைவி சாப்பிட்டுப் பிள்ளை பிறந்தது என்பார்கள். அந்தப் பிள்ளைதான் யூசுஃப். நாயகம் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. யூசுஃபையே ஞானப்புத்திரராக ஏற்றுக்கொண்டார்கள். வளர்ந்தபின் வந்து சேர்ந்த யூசுஃப் சாஹிப் கடைசிவரை பிரியவில்லை.

மாலத்தீவு, மலையாளக் கரையின் பொன்னானி, பிறகு காயல்பட்டினம், கீழக்கரை என்று கடலோர முஸ்லிம் ஊர்கள் வழியாகத் தமிழகத்துக்குள் வந்தார்கள். திருச்சியில் நத்ஹர்வலி (ரஹ்) அடங்கியிருக்கும் இடத்துக்கும் போனார்கள். அங்கிருந்து தஞ்சாவூர்.

தஞ்சாவூர் அரண்மனை

அப்போது தஞ்சையை நாயக்க மன்னர்கள் ஆண்டார்கள். செவ்வப்ப நாயக்கர் அரசை நிறுவ, மகன் அச்சுதப்ப நாயக்கர் உடனிருந்து ஆண்டு, பிறகு தனி அரசரானார். நாகூர் மரபு சொல்லும் பெயர் அச்சுதப்ப நாயக்கர்.

மன்னர் தீராத வேதனையில் கிடந்தார். வைத்தியர்கள் வந்து பார்த்தும் குணமில்லை. ஊர் எல்லையில் ஒரு ஃபக்கீர் கூட்டம் தங்கியிருக்கிறது, அதன் தலைவர் பெரிய மகான் என்ற செய்தி அரண்மனைக்கு எட்டியது. அழைத்து வந்தார்கள். பார்த்த நாயகம் இது சூனியத்தின் வேலை என்று அறிந்தார்கள். அரண்மனையைத் தேடச் செய்தார்கள். மேலே ஓரிடத்தில் ஒரு புறா கிடைத்தது. அதன் உடம்பு முழுக்க ஊசிகள் குத்தியிருந்தன. உயிர் மட்டும் இருந்தது. நாயகம் ஓதி ஓதி ஒவ்வோர் ஊசியாகப் பிடுங்கினார்கள். ஒவ்வொன்று பிடுங்கும்போதும் மன்னருக்கு வலி ஒவ்வோர் இடத்தில் விட்டது. கடைசி ஊசியும் வந்தபின் மன்னர் எழுந்து உட்கார்ந்தார். புறாவுக்கும் உயிர் வந்தது. அதைப் பறக்க விட்டார்கள். நாகூர் தர்காவில் இன்றும் புறாக்கள் கூட்டம் கூட்டமாக இருப்பதும், நேர்ச்சையாகப் புறா விடுவதும் இந்தச் சம்பவத்தின் நினைவாகத்தான்.

இதைச் சேகனாப் புலவரின் திருக்காரணப் புராணமும், குலாம் காதிறு நாவலர் 1902இல் வெளியிட்ட கன்ஜுல் கறாமாத்தும் போன்ற நூல்கள் நாகூர் நாயகத்தின் வாழ்க்கையாகப் பாடியும் எழுதியும் வைத்ததால் கதை தமிழகமெங்கும் பரவியது. இப்போது அதில் உள்ள மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, நோயாளி ஒரு முஸ்லிம் அல்லர். நீ என் மார்க்கத்துக்கு வந்தால்தான் பார்ப்பேன் என்ற நிபந்தனை எதுவும் இல்லை.

இரண்டாவது, கூலி பேசவில்லை. மன்னர் நன்றியாக நிலம் கொடுத்தார். பொன்னும் பொருளும் வேண்டாம் என்று, தங்குவதற்குக் கடற்கரையில் ஓரிடமே போதும் என்று நாயகம் ஏற்றார்கள். அதுதான் நாகூர்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். ஊசி குத்தியது யார் என்று அவர்கள் கைகாட்டியதாக இந்தக் கதையில் வரவில்லை. அரண்மனை என்றால் எதிரிகளுக்கா பஞ்சம்? பங்காளி, அந்தப்புரம், அமைச்சர் என்று எத்தனை பேர்! ஒரு பெயர் சொல்லியிருந்தால் போதும், எத்தனையோ தலைகள் உருண்டிருக்கும். திருப்பி ஏவியதாகவும் இல்லை. ஊசியைப் பிடுங்கினார்கள், புறாவை விட்டார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையிலேயே முன்மாதிரி இருக்கிறது. லபீத் இப்னு அஃஸம் என்பவன் சீப்பிலும் முடியிலும் சூனியம் செய்து ஒரு கிணற்றில் போட்டதாகப் புகாரியில் ஆயிஷா நாயகி (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் வருகிறது. இந்த ஹதீஸை எப்படிப் புரிந்துகொள்வது, சூனியத்தால் பாதிப்பு வருமா வராதா என்று தமிழ்நாட்டில் மேடை போட்டே விவாதம் நடந்திருக்கிறது. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் ஹதீஸின் முடிவு எல்லோருக்கும் பொது. அல்லாஹ் எனக்குக் குணம் தந்துவிட்டான், மக்களிடையே தீமையைக் கிளப்ப விரும்பவில்லை என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள். கிணறு மூடப்பட்டது. பழி வாங்கல் இல்லை.

இன்றைக்குத் தாயத்துக்காரரிடம் போனால் முதலில் கிடைப்பது என்ன? உங்களுக்கு நெருங்கிய சொந்தம், இன்ன திசையில் வீடு, பெண்ணாகத் தெரிகிறது என்ற குறிப்பு! எந்தக் குடும்பத்துக்கும் பொருந்துகிற குறிப்பு அது. அன்றோடு மாமியாரும் மருமகளும் பேச்சு நின்றது. அண்ணன் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை. இப்படிப் பிரிந்த குடும்பங்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. கணவன் மனைவியைப் பிரிக்கும் வித்தையைக் கற்றவர்களைப் பற்றித் திருக்குர்ஆன் பகரா அத்தியாயத்தில் ஹாரூத், மாரூத் செய்தியோடு கண்டித்துச் சொல்கிறது. சூனியம் எடுக்கிறேன் என்று வந்தவரே உறவைப் பிரித்துவிட்டுப் போனால், அவர் செய்துவிட்டுப் போனது எது?

நாகூரில் கடைசி நாட்கள்

நாகூர் அப்போது மீனவர் குடிசைகளும் கப்பல்காரர் நடமாட்டமும் உள்ள கடற்கரை. பக்கத்து வாஞ்சூரில் நாயகம் 40 நாள் தனித்திருந்தார்கள். சூஃபிகள் இருக்கும் அந்த 40 நாள் தனிமைக்குப் பெயர் சில்லா. நாகூர்க் கடற்கரையில் சில்லடி என்று சொல்லும் இடத்தின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது.

யூசுஃப் சாஹிபுக்குத் திருமணம் செய்துவைத்தார்கள். நாகூரில் சுமார் 28 ஆண்டுகள் வாழ்ந்து, ஹிஜ்ரி 978 ஜமாதுல் ஆகிர் பிறை 10இல், கி.பி. 1570இல் மறைந்தார்கள். யூசுஃப் சாஹிபும் அவர் மனைவியும் அங்கேயே பக்கத்தில் அடங்கினார்கள். அவர்கள் வழிவந்தவர்கள்தான் இன்றுவரை நாகூர் சாஹிப்மார்கள்.

அதன்பின் தர்கா வளர்ந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தார். நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு வரும் கந்தூரிக்கு எல்லாச் சமுதாயத்தாரும் கூடுகிறார்கள். கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் நாயகத்தின் பெயரால் நினைவிடங்களை எழுப்பினார்கள். அவற்றில் அடக்கம் எதுவும் இல்லை. ஊர் நினைவுதான் இருக்கிறது.

கதை வளர்ந்த விதம்

பெரியவர்கள் மறைந்தபின் கதைகள் வளர்வது இயல்பு. ஓட்டையான கப்பலை நாயகம் இருந்த இடத்திலிருந்தே கண்ணாடியை வீசி அடைத்தார்கள் என்ற கதை நமக்கெல்லாம் தெரியும். அதை டச்சுக் கப்பல் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரைக்கு வந்ததே 1600க்குப் பிறகுதான். நாயகம் மறைந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது! ஆகவே ஒரு மகானின் பெயரில் சொல்லப்படும் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் பெயரைச் சொல்லி ஒருவர் கேட்கும் காசையும் கொடுக்க வேண்டியதில்லை.

குருவின் ஜவாஹிரே கம்ஸாவும் தெற்கே வந்தது. தக்காணத்தின் ஏலூருவைச் சேர்ந்த ஜஅஃபர் ஷரீஃப் என்பவர் முஸ்லிம்களின் பழக்கவழக்கங்களைத் தொகுத்து எழுதினார். சென்னை மாகாண மருத்துவரான ஹெர்க்லாட்ஸ் அதை ஆங்கிலமாக்கி, கானூனே இஸ்லாம் என்ற பெயரில் 1832இல் லண்டனில் வெளியிட்டார். பிறந்தது முதல் கபன் வரை எல்லாம் அதில் உண்டு. ஜின்னை அழைக்கும் முறை, வட்டம் கீறி உட்காருவது, கறி மீன் தவிர்ப்பது, சிறு பிள்ளையின் கையில் மை போட்டுப் பார்ப்பது, பேய் ஓட்டுவது எல்லாம் உண்டு. இதையெல்லாம் எழுதிய ஜஅஃபர் ஷரீஃப் வெளியே நின்று பார்த்தவர் அல்லர். இந்த வித்தை மேல் ஆசைப்பட்டு, வருடக்கணக்கில் ஃபக்கீர்கள், மந்திரக்காரர்கள் பின்னால் அலைந்தவர். கடைசியில் தாம் கண்ட பலன் மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதைதான் என்று அவரே ஒப்புக்கொண்டு எழுதிவைத்திருக்கிறார்! ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே வந்த இந்த வாக்குமூலம் இன்னும் நம் காதில் ஏறவில்லை.

ஜின் என்ற படைப்பை மறுக்க முஸ்லிமால் முடியாது. அவை நெருப்பிலிருந்து படைக்கப்பட்டவை. அவற்றிலும் நல்லவை கெட்டவை உண்டு. குர்ஆன் ஓதுவதைக் கேட்டு ஈமான் கொண்டவையும் உண்டு. திருக்குர்ஆனில் அவற்றின் பெயரால் ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஆனால் அதே குர்ஆன் இரண்டு வரம்புகளைச் சொல்கிறது. ஜின்களிடம் அடைக்கலம் தேடிய மனிதர்களுக்குக் கேடுதான் கூடியது என்பது ஒன்று. அவற்றுக்கு மறைவான விஷயம் தெரியாது என்பது இன்னொன்று. சுலைமான் நபி (அலை) கைத்தடியில் சாய்ந்தபடியே மறைந்துவிட, அது தெரியாமல் ஜின்கள் வேலை செய்துகொண்டே இருந்தன. கரையான் தடியை அரித்து உடல் சாய்ந்த பிறகுதான் அவற்றுக்கு உண்மை தெரிந்தது. கண்ணெதிரே நின்றவரின் மரணமே தெரியாத படைப்புக்கு, சங்கரன்கோவிலில் தொலைந்த நகை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? உங்கள் மகளின் கல்யாணம் எதனால் தள்ளிப்போகிறது என்று எப்படித் தெரியும்?

ஏர்வாடியில் எரிந்த கொட்டகை

இதெல்லாம் வெறும் நம்பிக்கைப் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் மனநோயாளிகள். ஜின் பிடித்தது, பேய் பிடித்தது என்று குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அங்கிருந்த அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

அந்த 28 பேருக்கும் பெற்றோர் இருந்தார்கள், உடன்பிறந்தோர் இருந்தார்கள். அவர்களில் பலர் வெறுப்பால் கொண்டுவந்து விட்டவர்கள் அல்லர். குணமாகும் என்ற ஆசையில் விட்டவர்கள். அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. சங்கரன்கோவில் கோமதி அம்மன் சன்னதி முன்னால் உள்ள சக்கரத்தில் மனம் பேதலித்தவர்களை உட்கார வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மனிதனுக்குப் புரியாத நோய் வந்தால் அவன் அவனுக்குத் தெரிந்த வாசலைத் தட்டுகிறான். அதைக் கேலி செய்ய வேண்டாம். ஆனால் நோய்க்குப் பெயர் தெரிந்த பிறகும் மருந்தைத் தள்ளிவைப்பது சரியா?

பிள்ளை பெற்ற சில நாட்களில் தாய் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசுவது, பிள்ளையைத் தொட மறுப்பது பிரசவத்துக்குப் பின் வரும் மனநோயாக இருக்கலாம். அது உடனே பார்க்க வேண்டியது. காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொல்லும் இளைஞனுக்கு மனச்சிதைவு நோய் தொடங்கியிருக்கலாம். கைகால் வெட்டி நுரை தள்ளுவது காக்காய் வலிப்பு. தூக்கத்தில் நெஞ்சில் யாரோ ஏறி அமுக்குவதுபோல் இருந்து அசைய முடியாமல் போவது, மூளை விழித்தபின் உடல் விழிக்கச் சில நொடி தாமதிப்பதால் வருவது. இவற்றுக்கெல்லாம் அரசு மருத்துவமனைகளிலேயே சிகிச்சை இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

நபியவர்களிடம் வலிப்பு நோயுள்ள ஒரு பெண் வந்த ஹதீஸ் நமக்குத் தெரியும். அவர்கள் அந்தப் பெண்ணை அடிக்கவில்லை, புகை போடவில்லை, முடியைப் பிடித்து யார் நீ என்று கேட்கவில்லை. பொறுமையாக இருந்தால் சொர்க்கம், விரும்பினால் துஆச் செய்கிறேன் என்ற கருத்தில் கண்ணியமாகப் பேசினார்கள். அந்தப் பெண் பொறுமையைத் தேர்ந்தெடுத்து, வலிப்பு வரும்போது ஆடை விலகாமலிருக்க மட்டும் துஆ கேட்டார். நோயாளியின் மானம் அவ்வளவு பெரிது. இன்று பேய் ஓட்டுகிறேன் என்று அறைக்குள் தனியாகக் கூட்டிப்போய்ப் பெண்களின் மானத்தோடு விளையாடுபவர்களைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறதே! மஹ்ரம் இல்லாமல் எந்த ஹஜ்ரத்திடமும் உங்கள் பெண்பிள்ளையை விடாதீர்கள்.

ஓதுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆயத்துல் குர்ஸியும், ஃபலக், நாஸ் அத்தியாயங்களும் காலையும் மாலையும் வீட்டில் ஒலிக்கட்டும். தாயே தன் பிள்ளையின் தலையில் கைவைத்து ஓதலாம்; அதற்கு இடையில் யாரும் தேவையில்லை, காசும் தேவையில்லை. ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு, மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நபிவழிதான். ஏர்வாடியிலும் பின்னாளில் மருந்தும் துஆவும் சேர்ந்து நடக்கும் வகையில் மனநல மருத்துவ ஏற்பாடு வந்தது.

குவாலியர் குருவின் காலடியில் திருநாமங்களின் வித்தையெல்லாம் கற்ற ஒரு மனிதர், அரண்மனைக்குள் போய்ச் செய்தது ஓர் உயிரின் உடம்பிலிருந்து ஊசிகளைப் பிடுங்கியதுதான். நம் வீட்டில் ஒருவர் மனம் நொந்து உட்கார்ந்திருக்கும்போது, நாம் அவர் உடம்பில் ஊசியைப் பிடுங்குகிறோமா, இன்னும் குத்துகிறோமா என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

வல்ல ரஹ்மான் நம் எல்லோருடைய வீடுகளையும் தீய பார்வையிலிருந்தும், பொறாமையிலிருந்தும், பயத்தை விற்றுப் பிழைப்பவர்களிடமிருந்தும் காப்பானாக! நோயுற்றிருக்கும் ஒவ்வொருவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.